கடல்பசுவுக்கு அறிவு உண்டுங்களா, டாக்டர்?

கேள்வி: வணக்கமுங்க டாக்டர். எங்களுக்கு வெள்ளகோவில் பக்கம் தோட்டம். மகள் அமெரிக்காவில் டாம்பா என்கிற ஊரில் இருக்கிறாள். டிசம்பரில் அங்கே போகிறோம். அங்கே ஒரு ஆற்றில் மனாட்டி என்கிற கடல்பசுவோடு நீந்தலாமாம், டிக்கெட் போடு என்று பேரன் அடம் பிடிக்கிறான். என் வீட்டுக்காரர் திருப்பூரில் முப்பது வருஷம் பனியன் துணி செக்கிங் பார்த்தவர். வீடியோவைப் பார்த்துவிட்டு, "இது நம்ம குட்டையில கெடக்கற எருமையாட்டம் இருக்குது. இதுக்கென்ன அறிவு இருக்கப்போவுது? இதப் பாக்கறதுக்குக் காசு வேற கட்டோணுமா?" என்கிறார். பேரனோ, அது டால்பின் மாதிரி புத்திசாலி, கூப்பிட்டால் வரும் என்கிறான். யார் சொல்வது நிஜமுங்க? அது மந்தையாக இருக்குமா? சின்னப் பையனை இறக்கினால் பயமில்லையா, தொடலாமா? அப்படியே இன்னொன்று. எங்கள் செவலைக் கிடாரிக்கு மூணு தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. அதற்கும் ஒரு வழி சொல்லுங்க.
பெயர் வேண்டாம், வெள்ளகோவில்.

பதில்:

அக்கா, முதலில் எருமைக்காக ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன். எருமைக்கு அறிவில்லை என்று சொல்கிறவர் எருமைப் பால் கறந்து பார்த்திருக்க மாட்டார். கறக்கிற கை மாறினால் போதும், மடியில் பாலை வைத்துக்கொண்டே சொட்டு இறக்காமல் நிற்கும். புதுக் கையைப் பழைய கையாக நினைக்க வைக்க, வீட்டம்மாவின் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு கறந்த ஆளைக்கூடப் பார்த்திருக்கிறேன். குட்டையில் கிடப்பதும் சோம்பலால் அல்ல. கறுப்புத் தோல் வெயிலை இழுக்கும், அந்தத் தோலில் வியர்வைச் சுரப்பியும் குறைவு. நாம் ஃபேன் போட்டுக்கொள்கிறோம், அது குட்டைக்குப் போகிறது. ஆகவே உங்கள் வீட்டுக்காரர் மனாட்டியை எருமை என்று சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. "அறிவு இருக்கப்போவுதா" என்றதில்தான் வழக்கு.

பெயரில் பசு இருந்தாலும் அது பசு இனம் இல்லை. அசை போடாது. குதிரையைப் போல, யானையைப் போல, பின்குடலில் வைத்துத்தான் புல்லைச் செரிக்கும். சொந்தபந்தம் என்று பார்த்தாலும் யானைதான் நெருக்கம். உங்கள் மகள் இருக்கிற ஃபுளோரிடா மாநிலத்து மனாட்டியின் துடுப்பு நுனியில் யானைக் கால் நகம் போலவே மூன்று நான்கு நகங்கள் இருக்கும். மேலுதடு இரண்டாகப் பிளந்து, துதிக்கை நுனி மாதிரி புல்லைச் சுற்றிப் பிடித்து வாய்க்குள் தள்ளும். கடைவாய்ப் பல் தேய்ந்தால் பின்னாலிருந்து புதுப் பல் நகர்ந்து வந்துகொண்டே இருக்கும். கிழட்டு மாட்டுக்கு அந்த வசதி இருந்திருந்தால் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற தரகர்கள் பாடு திண்டாட்டம்தான்.

நம் கடலில் இருப்பது மனாட்டி இல்லை, அதன் பங்காளி. பாக் நீரிணைப் பக்கம் மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். மனாட்டியின் வால் வட்டமாக, பனைமட்டை விசிறி மாதிரி. ஆவுளியாவின் வால் திமிங்கிலத்துடையது போலப் பிளந்தது. பல வருஷத்துக்கு முன் அங்கே கரை ஒதுங்கிய ஓர் ஆவுளியாவின் உடற்கூறாய்வுக்கு உதவியாளாகப் போனேன். இரண்டு விஷயம் இன்றும் கண்ணில் நிற்கிறது. ஒன்று, விலா எலும்பு. மாட்டு விலாவைப் பழகிய கையில் அதைத் தூக்கியதும் இரும்புத் துண்டு மாதிரி கனத்தது. உள்ளே மஜ்ஜைக்கான பொந்தே இல்லை. தண்ணீருக்கு அடியில் கிடந்து மேய வேண்டிய பிராணிக்கு அதுதான் எடைக்கல். இன்னொன்று, காம்பு. மடியைத் தேடிப் பின்பக்கம் போன என் கையைப் பிடித்து, கூட இருந்த மீனவர் துடுப்பின் அடியில், அக்குளில் வைத்தார். "இங்கதான் சார் குட்டி குடிக்கும்" என்றார். யானைக்கும் முன்னங்காலுக்கு நடுவில்தானே மடி என்று அப்போதுதான் உறைத்தது.

இனி அறிவுக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்காரர் கட்சிக்குச் சாட்சி இல்லாமல் இல்லை. அரை டன் எடைக்கு மேல் வளரும் மனாட்டிக்கு மூளை ஏறக்குறைய 350 கிராம்தான். நம் மாட்டு மூளையே அதைவிடக் கனம். அதோடு, மனித மூளையிலும் டால்பின் மூளையிலும் வாதுமைப் பருப்பு மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்குமே, அது மனாட்டிக்கு அனேகமாகக் கிடையாது. வழுவழுவென்று இருக்கும். இதைப் பார்த்தே "மந்த ஜந்து" என்று வெகுகாலம் எழுதிவிட்டார்கள்.

ஆனால் உடம்பு எடையை மூளை எடையால் வகுத்துப் பார்க்கிற இந்தக் கணக்கில் ஒரு கோளாறு உண்டு. புல்லை மட்டும் தின்று உயிர் வாழ நீளமான குடல் வேண்டும்; மனாட்டியின் குடலை நீட்டினால் 40 மீட்டரைத் தொடும். அதை வைக்கப் பெரிய வயிறு, வயிற்றைச் சுமக்கப் பெரிய உடம்பு. மூளை சிறுத்துப்போகவில்லை, உடம்புதான் பெருத்துப்போனது. மெதுவாக நகர்வதற்கும் அதுவே காரணம். புல்லில் கிடைக்கிற சத்து கொஞ்சம், உடம்பு எரிக்கிற வேகமும் அதற்கேற்றபடி ரொம்பக் குறைவு. அதைத் துரத்துகிற பெரிய எதிரியும் தண்ணீரில் இல்லை. யாருக்குப் பயந்து ஓட வேண்டும்? நம்மில் நிதானமாக நடக்கிறவரை எல்லாம் அறிவில்லாதவர் என்று எழுதி வைத்தால் பாதி ஊர் போய்விடும்.

சரி, எதை வைத்து அளப்பது? இங்கேதான் உங்கள் வீட்டுக்காரரை நேரே உட்காரவைத்துப் பேச ஆசை.

பனியன் துணி செக்கிங்கில் முப்பது வருஷம் இருந்தவர் என்கிறீர்கள். அப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். துணியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்து, மெஷினில் வைக்கும் முன்பே "நூத்தி எண்பது ஜிஎஸ்எம் இல்லீங்க, நூத்தி எழுபதுதான் வரும்" என்று துணியின் கனத்தைச் சொல்லிவிடுவார்கள். அவர் அறிவு எங்கே இருக்கிறது, கண்ணிலா விரலிலா? மனாட்டிக்கு அது மூஞ்சியில் இருக்கிறது. கண் பார்வை மோசம். முகத்தில் மட்டும் சுமார் 2,000 மீசை முடி, மீதி உடம்பில் சுமார் 3,000. நம் மாட்டு ரோமம் போலக் குளிருக்குப் போர்த்துகிற முடி இல்லை. ஒவ்வொன்றின் வேரிலும் நரம்பு பின்னிக் கிடக்கிறது. பூனைக்கு மீசை எப்படியோ, அப்படி உடம்பு முழுக்க மீசை.

ஃபுளோரிடாவில் சரசோட்டா என்ற ஊரில் மோட் கடல் ஆய்வகம் இருக்கிறது. அங்கே ஹியூ, பஃபெட் என்று இரண்டு ஆண் மனாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பல வருஷம் பரிசோதனை நடத்தினார்கள். வரி வரியாகப் பள்ளம் வெட்டிய இரண்டு பலகையை முன்னால் வைத்தார்கள். ஒன்றில் பள்ளத்தின் அகலம் 2 மில்லிமீட்டர், இன்னொன்றில் கொஞ்சம் கூட. மூஞ்சியை வைத்துத் தடவிப் பார்த்து, சரியான பலகையைக் காட்ட வேண்டும். காட்டினால் தின்ன ஏதாவது கிடைக்கும். வித்தியாசத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இரண்டில் ஒன்று 2.05 மில்லிமீட்டர் வரை பிரித்துச் சொன்னது. அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. நம் விரல் நுனியின் திறமைக்கு அது ஏறக்குறைய சமானம். இன்னொன்றுக்கு அவ்வளவு நுணுக்கம் வரவில்லை, அதைப்போல மூன்று மடங்கு வித்தியாசம் தேவைப்பட்டது. ஒரே டேபிளில் நிற்கிற இரண்டு செக்கிங் ஆட்களுக்கும் கை ஒன்றுபோல இருக்காது என்பதை அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கவனியுங்கள், இதில் தொடு உணர்வு பாதிதான். மனிதன் என்ன கேட்கிறான் என்று புரிந்துகொள்வது, விதியைப் பிடித்துக்கொள்வது, அவசரப்படாமல் ஒப்பிடுவது, நாளைக்கு வந்து அதையே திரும்பச் செய்வது, இது மீதிப் பாதி. வழுவழு மூளை இதற்குப் போதுமானதாக இருக்கிறது. டால்பினிடம் கேட்கிற கேள்வியை மனாட்டியிடம் கேட்டால் பதில் வராது. வளையத்தில் தாவாது, பந்தைத் தூக்கி எறியாது. ஆக, பேரன் கட்சியும் முழுசாக ஜெயிக்கவில்லை.

ஞாபக சக்தியில் மனாட்டி கெட்டி. ஸ்னூட்டி என்று ஒரு மனாட்டி. 1948 ஜூலை 21 அன்று மயாமியில் மனிதர் பராமரிப்பிலேயே பிறந்தது, பிறகு பிராடன்டன் என்ற ஊரில் தொட்டியில் வளர்ந்தது. பழகிய ஆளின் குரல் கேட்டால் அடையாளம் கண்டுகொண்டு விளிம்புக்கு வந்து எட்டிப் பார்க்கும் என்று அதைப் பார்த்துக்கொண்டவர்கள் சொல்வார்கள். 69 வயது வரை இருந்தது. பிறந்தநாள் முடிந்து இரண்டே நாளில், 2017 ஜூலை 23 அன்று, தொட்டிக்குள் மூடியிருக்க வேண்டிய ஒரு வழி திறந்து கிடந்ததில் உள்ளே போய் மாட்டிக்கொண்டு, மேலே வந்து மூச்சு விட முடியாமல் செத்தது. செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கதவு விஷயத்தில் கட்டுத்தரை என்ன, கண்ணாடித் தொட்டி என்ன.

ஆற்றிலும் கடலிலும் தானாகத் திரிகிறவற்றின் ஞாபகம் வேறு விதம். தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் மனாட்டிக்கு உடம்பு தாங்காது. அதனால் குளிர்காலத்தில் வெதுவெதுப்பான ஊற்றுகளைத் தேடிப் போகும். எந்த ஊற்று, எந்த வழி என்பதைக் குட்டி தாயோடு நீந்தித்தான் கற்றுக்கொள்கிறது. அனல் மின்நிலையங்கள் வெளியேற்றுகிற வெந்நீரும் அவற்றுக்குப் பழகிப்போயிற்று. தலைமுறையாக அங்கே வருகின்றன. மின்நிலையத்தை இடித்துக் கட்டும் நாளிலும் அவை பழைய இடத்துக்கே வந்து குளிரில் நிற்குமே என்று, அதற்காகவே தற்காலிகமாக ஹீட்டர் வைத்துத் தண்ணீரைச் சுட வைத்திருக்கிறார்கள். இது உங்களுக்குப் புதிதா? சந்தையில் விற்ற மாடு, வாங்கினவர் கட்டின கயிற்றை அறுத்துக்கொண்டு மூணாம் நாள் காலையில் பழைய கட்டுத்தரையில் வந்து நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். செஸ்ஸி என்ற ஓர் ஆண் மனாட்டி 1994ல் ஃபுளோரிடாவை விட்டு வெகு வடக்கே செசபீக் விரிகுடா வரை போய்விட்டது. குளிருக்குள் சாகப்போகிறதே என்று பிடித்து விமானத்தில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த வருஷம் அது இன்னும் வடக்கே, ரோட் ஐலண்ட் வரை போய்விட்டுத் தானாகத் திரும்பி வந்தது. தொலைந்துபோன பிராணிக்கு அந்த வேலை நடக்காது.

மந்தையாக இருக்குமா என்று கேட்டீர்கள். மந்தை இல்லை அக்கா, சந்தை.

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் சித்திரை மாதம் எத்தனை ஊர் ஜனம் கூடுகிறது! ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசி, உட்கார்ந்து, கலைந்து, அவரவர் வழியில் போய்விடுகிறார்கள். குளிர்கால ஊற்றில் நூற்றுக்கணக்கில் கூடுகிற மனாட்டிகளும் அப்படித்தான். தலைவன் கிடையாது. நம் பட்டியில் தாழியில் முதலில் தண்ணீர் குடிக்கிற மாடு எது என்று ஒரு வரிசை இருக்குமே, அதுவும் கிடையாது. முட்டல் மோதலும் இல்லை. பார்த்தால் மூஞ்சியோடு மூஞ்சி உரசிக்கொள்ளும். இளங்காளைகள் கூடி உருண்டு புரண்டு விளையாடும். ஒன்றின் பின் ஒன்றாக வரிசை பிடித்து, ஒன்று மூச்செடுக்கும்போது மற்றதும் மூச்செடுத்து நீந்துவது உண்டு. பாதி திறந்த மதகுக்குக் கீழே பாய்கிற தண்ணீரில் பக்கம் பக்கமாக மிதந்து சவாரி செய்து, திரும்பப் போய், மறுபடி சவாரி செய்வதையும் பார்த்திருக்கிறார்கள். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்ட அன்று மதகடியில் பையன்கள் செய்கிற அதே வேலை. அம்மாக்கள் பயப்படுகிற அதே காரணத்துக்காகவே, அந்த மதகுக் கதவுகளில் நசுங்கிச் சாகிற மனாட்டியும் உண்டு.

நிஜமான குடும்பம் என்றால் தாயும் குட்டியும்தான். சினை ஒரு வருஷத்துக்கு மேல்; பெரும்பாலும் ஒரே குட்டி; அது ஒன்றிலிருந்து இரண்டு வருஷம் தாயோடு திரியும். இருவரும் கீச் கீச்சென்று ஓயாமல் குரல் கொடுத்துக்கொள்வார்கள். கலங்கல் தண்ணீரில் ஒருவரை ஒருவர் தவறவிடாமல் இருக்க அந்தச் சத்தம்தான் கயிறு. நடுவில் ஒரு படகோ ஆளோ புகுந்து பிரித்துவிட்டால் குட்டி பிழைப்பது கஷ்டம். இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், கீழே திரும்ப வரும்.

ஆவுளியாக்கள் இந்த விஷயத்தில் இன்னும் கூட்டம் சேர்கிறவை. ஆஸ்திரேலியாவின் மோர்ட்டன் விரிகுடாவில் நூற்றுக்கும் மேல் ஒன்றாக மேயும். ஒரே கடற்புல் திட்டில் வேரோடு பிடுங்கி மேய்ந்துவிட்டு நகரும். கொஞ்ச நாளில் அங்கே சத்தான இளம்புல் தழைத்ததும் திரும்பி வரும். கிளுவை வேலி போட்டுக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தைப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கிறோமே, அதே கணக்கு. வேலிப்படலைத் திறக்க ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இதை நான் அறிவு என்று சொல்லமாட்டேன், வயிற்றுப் பழக்கம் என்பேன். ஆனால் புல் அழியாமல் இருக்கிறது. நம் பாக் விரிகுடாவில் அவை மேய்கிற 448 சதுர கிலோமீட்டரை 2022ல் தமிழ்நாடு அரசு காப்பகமாக அறிவித்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டிய கடல் அது.

இவற்றின் இனத்திலேயே பெரியதாக ஒன்று இருந்தது, ஸ்டெல்லர் கடல்பசு. 1741ல் பேரிங் தீவில் கப்பல் உடைந்து ஒதுங்கிய ஸ்டெல்லர் என்ற மருத்துவர் கண்டு எழுதினார். ஒன்றை ஈட்டியால் குத்தி இழுத்தால் மற்றவை கயிற்றை அறுக்க முண்டும், பெண் செத்துக் கரையில் கிடந்தால் ஆண் அடுத்தடுத்த நாளும் அங்கே வந்து நிற்கும் என்று எழுதி வைத்திருக்கிறார். ஓடத் தெரியாததும், ஒன்றை விட்டு ஒன்று போகாததும் வேட்டைக்காரருக்கு வசதியாயிற்று. 27 வருஷத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை.

இனி உங்கள் டிக்கெட். டாம்பாவிலிருந்து வடக்கே காரில் ஒன்றரை மணி நேரம் போனால் கிரிஸ்டல் ரிவர். பேரன் சொல்வது அந்த இடமாகத்தான் இருக்கும். டிசம்பர் நல்ல சமயம். தாராளமாகப் போங்கள், பையனையும் இறக்குங்கள். மனாட்டி கடிக்காது, துரத்தாது. ஊற்றுத் தண்ணீர் வருஷம் முழுக்க 22 டிகிரி. அதற்கு அது வெதுவெதுப்பு. வெள்ளகோவில் உடம்புக்கு அரைமணியில் பல் கிட்டிக்கும். அவர்கள் தருகிற ரப்பர் உடுப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

தொடலாமா? வேண்டாம். அதன் அறிவைப் பற்றி இவ்வளவு சொன்னதே இதற்காகத்தான். அது கற்றுக்கொள்ளும். ஃபுளோரிடாவில் படகுத்துறை வைத்திருக்கிற சிலர் பாவம் என்று குழாயில் நல்ல தண்ணீர் காட்டுவார்கள், கீரை போடுவார்கள். மனாட்டிக்கு நல்ல தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. ஒருமுறை ருசி கண்டால் அந்தத் துறையை மறக்காது. துறைக்கு மனாட்டி வரும், அதே துறைக்குப் படகும் வரும். பெரிய மனாட்டிகளில் பெரும்பாலானவற்றின் முதுகில் படகு விசிறி கிழித்த வடு இருக்கிறது. நாம் மாட்டுக்குக் காதுவில்லை போட்டு அடையாளம் வைக்கிறோம். அங்கே ஆராய்ச்சிக்காரர்கள் எந்த மனாட்டி எது என்று அந்த வடுவைப் பார்த்தே பதிவேடு வைத்திருக்கிறார்கள் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். தீனி போடுவதும், தண்ணீர் காட்டுவதும், துரத்துவதும், மேலே ஏறுவதும் அங்கே சட்டப்படியே குற்றம்.

பேரனிடம் இதை மட்டும் சொல்லி அனுப்புங்கள். தண்ணீரில் குப்புறப் படுத்து, கையைக் கட்டிக்கொண்டு, காலை உதைக்காமல் மிதக்கட்டும். தூங்குகிறதை எழுப்பக் கூடாது. குட்டி தெரிந்தால் அதற்கும் தாய்க்கும் நடுவில் போகவே கூடாது. கூப்பிட வேண்டாம். வருகிற எண்ணம் இருந்தால் அதுவே வரும், வந்து மீசையால் அவன் முகக் கண்ணாடியைத் தடவிப் பார்க்கும். அப்போதும் அவன் சும்மா இருக்க வேண்டும். செக்கிங் நடக்கும்போது துணி அசையக் கூடாது என்று தாத்தா சொல்லிக் கொடுக்கட்டும்.

செவலைக்கு வருகிறேன். பெண் மனாட்டி பருவத்துக்கு வந்தால் இருபது ஆண்கள்கூட வாரக்கணக்கில் பின்னாலேயே சுற்றும், ஊருக்கே தெரியும். உங்கள் கிடாரி ஒற்றையாகக் கட்டுத்தரையில் நிற்கிறது, அதன் பருவத்தை நீங்கள்தான் பார்த்தாக வேண்டும். மூணு தடவை நிற்கவில்லை என்றால் முதலில் நேரத்தைச் சந்தேகப்படுங்கள். காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை ஊசி. ஆள் வருகிற நேரத்துக்கு ஊசி என்றால் சினை நிற்காது. வழிகிற சளி கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். கலங்கலாகவோ சீழ் போலவோ இருந்தால் அந்தத் தடவை ஊசி போடாமல் கருப்பைக்கு மருத்துவம் பாருங்கள். குடற்புழு நீக்கம் செய்து, தினமும் 30 கிராம் தாது உப்புக் கலவை தீவனத்தில் கொடுங்கள். வெறும் சோளத்தட்டை மட்டும் நம்ப வேண்டாம். நாலாவது ஊசிக்கு முன் உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் கருப்பையையும் சினைப்பையையும் பரிசோதித்துவிடுங்கள். இதை நவம்பருக்குள் முடியுங்கள் அக்கா. நீங்கள் அமெரிக்காவில் இருக்கும்போது கிடாரி பருவத்துக்கு வந்தால் வேலைக்காரப் பையன் கவனிக்க மாட்டான்.